ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று வந்தது

செம்பூர்க்காரன்:
அப்பாவுக்குப் பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். இரண்டாம் நிலைப் புற்றுக்கட்டி. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை. கீமோ தேவையா என்று தீர்மானிக்க இன்னொரு சோதனை வேண்டும் என்றார் டாக்டர். அப்பாவின் கட்டியில் ஒரு துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, சம்புடத்தில் வைத்து, மும்பை ஹார்பர் ரயிலில் குர்லா போய், மாறி, பரேலுக்குக் கொண்டுபோனேன். தீப்பெட்டி அளவுகூட இல்லை. நடுவே காய்ந்த சுண்ணாம்பு போல ஒரு திட்டு. அப்பாவை ஆறு மாதம் படுத்தியது அதுதான். வெயிலில் உருகிவிடுமோ என்று ஜன்னலோரம் உட்காரவில்லை.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது: எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் ‘இல்லை’. உயிரணு டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் நொதிகளாம். திருத்த ஆளே இல்லையென்றால் குடி முழுகியது என்றே நினைத்தேன். டாக்டரோ சிரித்தார். பிழை மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டாம் நிலையில் இப்படிப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு, 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பயனும் இல்லை என்றார். கீமோ இல்லாமல் வீடு திரும்பினோம். வழியில் அப்பா கேட்டது, மாட்டுங்காவில் இறங்கி இட்லி சாப்பிடலாமா என்று.

தாராவி அக்கா:
எங்கள் வீட்டில் நொதி குறைந்தது வினையாகிவிட்டது. அண்ணிக்கு மூன்றாம் நிலை. உடலுக்குள் 5-எஃப்யூவாக மாறும் கேப்சிடபைன் மாத்திரையின் முதல் சுற்றிலேயே வாயெல்லாம் புண், நிற்காத பேதி. ‘எல்லோருக்கும் வருவதுதான்’ என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். வேறிடத்தில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது: மருந்தைச் சிதைக்கும் டிபிடி நொதி அவருக்குக் குறைவு. உடலுக்குள் சேரும் 5-எஃப்யூவில் 80 விழுக்காட்டுக்கு மேல் கழிப்பது அதுதான். முன்பே ரத்தத்தில் பார்த்திருக்கலாம். அண்ணி தேறிவிட்டார், என் ஆத்திரம் தீரவில்லை.

ஆய்வகத்துத் தம்பி:
1957-இல் வந்த 5-எஃப்யூ முடக்குவது தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதியை. கட்டியில் அது மிகுந்திருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் சொல்லின. ஆனால் அளக்கும் முறை இடத்துக்கு இடம் மாறி, முடிவுகளும் ஒத்துப்போகாததால் அது வழக்கமான சோதனையாகவில்லை. செம்பூர் அண்ணா, மெழுகு 50 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்த மெழுகுக் கட்டியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். எம்எல்எச்1 இல்லாதது பரம்பரையாலா என்று பார்க்கத் தேவைப்படும்.

செம்பூர்க்காரன்:
வாங்கிவிட்டேன் தம்பி. வீட்டுக்குள் வைக்க அம்மா விடவில்லை. அலுவலக மேஜை இழுப்பறையில் இருக்கிறது.