பெண்டு பைப்புக்குத் தமிழ் என்ன?
(பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

நாகர்கோவில்:
நண்பர்களே, ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளில் சைலன்சர் மாற்றும் பாடம் எழுதுகிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. சைலன்சருக்கு 'ஒலியடக்கி' போட்டாயிற்று. சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலிலிருந்து சைலன்சர் வரை வளைந்து வரும் பெண்டு பைப்புக்குத்தான் சொல் வேண்டும். யெஸ்டியில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பெண்டு. 'புகைபோக்கி' என்றால் பையன்கள் அடுப்படியை நினைக்கிறார்கள்.

தக்கலை:
உமிழ்குழல். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். 'உமிழ்க்குழல்' என்று ஒற்றுப் போட்டு மானத்தை வாங்காதீர்கள். 'ஒலியடக்கி' சரி. சைலன்சரின் 'சை' மொழிமுதலிலேயே நிற்காது. ச, சை, சௌ மூன்றையும் தொல்காப்பியர் விலக்கிவிட்டார். அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறிய நூல். அதங்கோடு நம்ம குழித்துறைக்குப் பக்கம் என்று பெருமை மட்டும் பேசுகிறோம்.

மார்த்தாண்டம்:
நன்னூலார் சகரத்துக்குப் பன்னிரண்டு உயிரையும் கொடுத்தாயிற்று, ஐயா. 'சட்டி'யைத் தள்ளிவிட்டு மீன்குழம்பை எதில் வைப்பீர்கள்? உமிழ்வது எஞ்சின், குழல் அதை வாங்கிக் கடத்துகிறது, அவ்வளவுதான். 'வளைகுழல்' போதும்.

தக்கலை:
வளைகுழல் என்றால் சுருண்ட கூந்தல். அன்மொழித்தொகையானால் கூந்தலுக்கு உரியவள். 'வளைகுழலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுக' என்று பாடநூலில் வரட்டுமா?

மார்த்தாண்டம்:
இப்போது மட்டும்? பெண்டு என்றாலும் பெண்தானே!

தக்கலை:
விளையாட்டு வேண்டாம். குழல், குழாய், குழி, குழித்துறை எல்லாம் உட்குடைவு என்ற ஒரே வேரில் பிறந்தவை. விரிவாக எழுதுகிறேன்.

குளச்சல்:
சாரே, வேரைப் பிறகு பார்க்கலாம். நமக்கு ஒர்க்‌ஷாப்பு. கடற்காற்றில் இங்கே பைப்பு சீக்கிரம் துருவேறும், மாற்றிக்கொண்டேதான் இருக்கணும். புகை கசியாமலிருக்க வாசலில் வைக்கிற பேக்கிங்குக்கு ஒரு சொல் தாங்க. பையன்கள் நசுங்கிய செம்பு வளையத்தையே திரும்பப் போடுகிறார்கள், புகை கசிந்து கரி வழியுது. புதுசு கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடணும். இரும்பு என்றால் விறைக்கும், செம்பு இளகித்தான் போகும். இன்னொன்று: எல்லா நட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, வாசல் நட்டை கொக்கி மாதிரி வளைந்த சி ஸ்பேனரால் இறுக்கி, பின்பக்கத் தாங்கியைக் கடைசியில் முறுக்கணும். மாறிச் செய்தால் பைப்பு இழுவையிலேயே நிற்கும், அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும்.

நாகர்கோவில்:
இதை அப்படியே பாடத்தில் சேர்க்கிறேன். பேக்கிங்குக்கு 'அடைப்பு வளையம்'?

தக்கலை:
கூடாது. யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கரி சேர்ந்து சைலன்சர் அடைத்துக்கொள்வது தனி நோய். அடைப்பை நீக்கச் சொன்னால் மாணவன் வளையத்தைக் கழற்றி எறிவான். 'கசிவுத்தடை' என்க.

மார்த்தாண்டம்:
கடையில் போய்க் கசிவுத்தடை கேட்டால் டயர் பஞ்சர் பசை தருவான்.

நாகர்கோவில்:
எல்லோரும் களைத்துவிட்டோம். மார்த்தாண்டம் சொன்னபடி 'வளைகுழல் (பெண்டு பைப்பு)' என்று அனுப்புகிறேன்.

தக்கலை:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பின்னிணைப்பிலாவது உமிழ்குழல் வர வேண்டும்.

குளச்சல்:
பேக்கிங்கு என்ன ஆச்சு?