நாலு படத்துலயும் நகர்ந்துச்சு, ஆனா சிறுகோள் இல்ல

வால்மீன் வாத்தியார்:
சிறுகோள் வேட்டை தெரியும்ல, பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி ஒரே வானப் பகுதியை நேரம் விட்டு விட்டு எடுத்த நாலு படத்தை ஆஸ்ட்ரோமெட்ரிகாங்கிற மென்பொருள்ல போட்டு மாத்தி மாத்தி ஓட விட்டு, நகர்ற புள்ளியைத் தேடுறது. ஒரு பதினொண்ணாம் வகுப்புக் குழு ஒரே தொகுப்புல மூணு புதுசு பிடிச்சு அறிக்கையும் எழுதிருச்சு. அனுப்பப் போற நேரத்துல ஒரு பொண்ணு கேட்டா: "மூணும் ஏன் ஒரே பக்கமா, ஒரே அளவு நகருது?"

அங்கதான் கதை கந்தல். மென்பொருள் விண்மீன்களை வெச்சுப் படங்களைப் பொருத்தும். தொலைநோக்கி துளி நகர்ந்திருந்தாலும், சென்சார்ல அசையாம கிடக்குற ஹாட் பிக்சல் (வெளிச்சம் படாமலே பளிச்சுன்னு தெரியுற பழுதான பிக்சல்) எல்லாம் ஊர்வலம் போற மாதிரித் தெரியும். பக்கத்து விண்மீனோட அகலத்தை ஒப்பிட்டாலே போதும். விண்மீன் சில பிக்சலுக்குப் பரவியிருக்கும், ஹாட் பிக்சல் ஊசியா நிக்கும்.

இருள்வானம்:
"போதும்"னு சொல்லாதீங்க. ரொம்ப மங்கலான புள்ளியில அகலமே நம்பகமில்ல. நாலு படத்துலயும் பொலிவு ஏறக்குறைய ஒண்ணா இருக்கா, இடைவெளி நேரத்துக்குப் பொருந்துதான்னும் பாக்கணும்.

கோள் கடப்புல, அதாவது ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால போறப்போ வெளிச்சம் துளி குறையுறதை அளக்குறதுல, இதைவிட மோசம். எச்டி 189733 பிங்கிற கோள், வெளிச்ச வரைபடத்துல சுமார் 2.4% பள்ளம் விழும், இந்த மாதிரிப் பள்ளங்கள்ல ஆழமானதுன்னு பசங்களுக்குக் குடுப்பாங்க. ஒரு குழுவோட வரைபடத்துல 1% கூட இறங்கல. விண்மீனோட பொலிவு எண் 7.7 (எண் குறையக் குறைய பொலிவு அதிகம்), எக்ஸ்போஷர் நீளமாப் போய் நடு பிக்சல் கேமராவோட உச்ச எண்ணான 65,535ல முட்டி நின்னுருச்சு. அதுக்கு மேல எண்ணவே முடியாது, அப்புறம் பள்ளம் எங்க வரும்? கொஞ்சம் ஃபோகஸ் கலைச்சு, உச்சத்தை 40,000க்குள்ள வெச்சா சரியாகும்.

வெறுங்கண்:
கேமராவே இல்லாத குழு ஒண்ணு, பொலிவு ஏறி இறங்குற டெல்டா செஃபெய்ங்கிற விண்மீனை வெறுங்கண்ணால பாத்துச்சு. ஒரே ராத்திரியைப் பாதிப் பேர் ஒரு தேதியிலயும், நள்ளிரவு தாண்டிப் பாத்தவங்க அடுத்த தேதியிலயும் எழுதி, மொத்தமும் குழம்பிருச்சு. அவ்வளவுதான் சம்பவம்.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எல்லாரும் யூனிவர்சல் நேரத்துல (உலகம் முழுக்க ஒண்ணா இருக்குற நேரம்) எழுதணும். பொலிவு ஏறி இறங்குற சுழற்சி 5.366 நாள், ஒரு நாள் பிசகினா வரைபடத்துல புள்ளி சுழற்சியில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு தள்ளி விழும். ஒப்பிடப் பக்கத்து விண்மீன்கள்: ஸீட்டா செஃபெய் பொலிவு எண் 3.4, எப்சிலான் செஃபெய் 4.2. மதிப்பீட்டைப் பேசாம தனித்தனிச் சீட்டுல எழுத வைங்க; ஒருத்தன் "3.8" னு சத்தமா சொன்னா மத்தவங்க கண்ணுக்கும் 3.8 தான் தெரியும். நேத்து எழுதினதையும் காட்டாதீங்க. 30 மதிப்பீடு சேர்ந்ததும், முதல் நேரத்தைக் கழிச்சு, 5.366ஆல வகுத்து, தசமப் பகுதியை மட்டும் படுக்கை அச்சுல, பொலிவைச் செங்குத்து அச்சுல வைங்க. வேகமா ஏறி மெதுவா இறங்குற கோடு வரும். 1784ல ஜான் குட்ரிக் இந்த மாற்றத்தைக் கவனிச்சப்போ வயசு 20.

இருள்வானம்:
5.366ஐ முன்னாடியே குடுத்துட்டா பசங்க எதைக் கண்டுபிடிப்பாங்க? 5.0ல இருந்து 6.0 நாள் வரைக்கும் 0.05 படியா ஒவ்வொரு எண்ணாலயும் அதே மாதிரி வகுத்து, மடிச்சுப் பாக்க விடுங்க. எதுல புள்ளிச் சிதறல் கம்மியோ அதுதான் அவங்க விடை.