அகன்தமீபா கண்ணுக்குத் தொற்றுநீக்கியா, பங்கசு மருந்தா?

வெள்ளவத்தையான்:
தங்கச்சி லென்ஸோடு நீச்சல் தடாகத்தில் இறங்கினவள். கண்ணில் அகன்தமீபா என்கிற ஓரணு உயிர் தொற்றியிருக்கிறது என்கிறார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற தொற்றுநீக்கி 0.02 சதவீதம், இரவு பகலாக மணிக்கொரு துளி. வாய் கொப்பளிக்கிற சாமானைக் கண்ணில் விடுவதா? அமீபாவின் சவ்வில் பங்கசில் உள்ள அதே எர்கொஸ்டெரோல் என்ற கொழுப்புப் பொருள்தான் இருக்கிறது. பங்கசு மருந்து வொரிகொனசோலைக் கேட்டால் என்ன?

பார்மசி அக்கா:
தம்பி, கொப்பளிப்பது 0.2. கண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, தனியாகத் தயாரித்தது. அவசரத்தில் அந்தப் போத்தலைத் திறந்துவிடாதீர்கள்!
எர்கொஸ்டெரோல் கதை சரிதான். வொரிகொனசோல் அது உண்டாவதைத் தடுக்கும். தின்று திரிகிற அமீபாவுக்கு அது அடி. ஆனால் இந்தப் பிராணி ஆபத்தென்றால் இரட்டைச் சுவர் கட்டிச் சிறைப்பையாக உறங்கிவிடும். உறங்குகிறவன் எதையும் உண்டாக்குவதில்லை, தடுக்க என்ன இருக்கிறது? குளோர்ஹெக்சிடினும் பொலிஹெக்ஸனைடு என்ற இன்னொரு தொற்றுநீக்கியும் சவ்வையே உடைக்கும். சிறைப்பை தப்பினால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பும். மாதக்கணக்கில் விடச் சொல்வது அதனால்தான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அப்படியென்றால் தொற்றுநீக்கிதான் எல்லாவற்றுக்கும் ராஜாவா அக்கா? நேபாளத்தில் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வில் நட்டமைசின் என்ற பங்கசு மருந்திடம் குளோர்ஹெக்சிடின் தோற்றதே.

பார்மசி அக்கா:
தோற்றது பங்கசுப் புண்ணில். இங்கே பேசுவது அமீபா.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கருவிழியைச் சுரண்டிச் சோதித்துப் பார்த்தார்களா என்று தம்பி முதலில் கேட்கட்டும். தொற்றுநீக்கிக்கு அடங்காத கண்ணுக்கு வொரிகொனசோலும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள்.

பார்மசி அக்கா:
சேர்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை, மாற்றுவதில்தான். 2024இல் ஐரோப்பா இந்த நோய்க்கென அங்கீகரித்ததும் 0.08 சதவீத பொலிஹெக்ஸனைடைத்தான். ஆய்வில் அதைத் தனியாக விட்டும், 0.02ஐ புரோபமிடின் என்ற இன்னொரு மருந்தோடு விட்டும் பார்த்தார்கள். இரண்டிலும் 80 சதவீதத்துக்கு மேல் குணம்.
தம்பி, இடையில் ஸ்டெரொயிட் சொட்டு ஏதும் விட்டீர்களா?

வெள்ளவத்தையான்:
முதலில் காட்டிய இடத்தில் சிவப்புக்கென்று ஒன்று தந்தார்கள். பெயர் பார்க்கவில்லை.

பார்மசி அக்கா:
போத்தலோடு நாளைக் காலையே டொக்டரிடம் போங்கள். ஸ்டெரொயிட் என்றால், சிவப்பு குறைந்ததுபோல் காட்டி உள்ளே அமீபாவை வளரவிடும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
இதில் அக்கா பக்கம்தான் நானும்.

வெள்ளவத்தையான்:
சுரண்டித்தான் கண்டுபிடித்தார்களாம், இப்போது அம்மாவிடம் கேட்டேன். சரி, குளோர்ஹெக்சிடினே நடக்கட்டும். அலாரம் என் போனில். அவளுடையதில் வைத்தால் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவாள்.