கோழி எரு கொட்டிக் கொட்டி மணிச்சத்து ஏறிப்போன தோட்டம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பரமத்தி மேட்டுக்காட்டான்

மூன்று மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. எழுதினால் போகுமா என்று பார்க்கிறேன்.

ஒன்றரை ஏக்கர் கோ-4 தீவனப் புல். பக்கத்திலேயே முட்டைக்கோழிப் பண்ணை, எருவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு டிப்பர் என்று எட்டு வருடம் கொட்டினோம். வருடா வருடம் டிஏபி உரமும் உண்டு, அது அப்பாவின் கணக்கு. இந்தத் தடவை குருத்து வெளிறி, வெள்ளை வெள்ளையாக வரி விழுந்தது. மண்ணை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனோம்.

அங்கிருந்த பெண் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மண்ணை எங்க எடுத்தீங்க, எருக்குழியிலயா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டினாலே 'அதிகம்' என்று போடுவார்கள். எங்களுக்கு 118. அப்பா பதிலே சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

கறவைக்காரன்

தம்பி, 118க்கு எல்லாம் எதற்குப் பயம்? யூரியா மாதிரி காற்றிலும் தண்ணீரிலும் போய்விடுகிற சரக்கா அது? மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பேங்கில் போட்ட பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அதே வெள்ளை வரி வந்தது, மக்காச்சோளத்தில். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவினேன், அடுத்த போகம் சரியாகிவிட்டது. விஷயம் அவ்வளவுதான்.

தூரத்து மேய்ப்பன்

நியூசிலாந்தில், வைகாட்டோ பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்தேன். கறவைக் கொட்டகையைக் கழுவுகிற சாணித்தண்ணீர் குட்டையில் சேரும், அங்கிருந்து பம்பு வைத்துப் புல்லுக்கு இறைப்போம். குழாய் எட்டுகிற இடம் கொட்டகையை ஒட்டிய நான்கு மேய்ச்சல் கட்டங்கள்தான். அதனால் எல்லாம் அங்கேயே.

மண் முடிவு வந்த அன்று முதலாளி பண்ணை வரைபடத்தை ஜீப் பானெட் மேல் விரித்து, சிவப்புப் பேனாவால் அந்த நான்கையும் அடித்தார். மண்ணில் பயிருக்குக் கிடைக்கிற மணிச்சத்தைக் காட்டுவது ஓல்சன் அளவு. 20 முதல் 30 வரை இருந்தால் போதும் என்கிற அது அங்கே 60க்கு மேல். பின்னால் இருந்த மேட்டுக் கட்டத்தில் வெறும் 11. "இனி சூப்பர் பாஸ்பேட் மேட்டுக்கு மட்டும்" என்றார். அதற்கு முந்தைய வருடம் அந்த நான்கு கட்டத்திலும் சூப்பரை இறைத்தவன் நான்தான். புல் ஏற்கெனவே கரும்பச்சையாக நின்றது, ஒரு தடவைகூட ஏன் என்று நான் கேட்கவில்லை.

கறவைக்காரன்

பாருங்கள்! வெள்ளைக்காரன் 30 வரை நல்லது என்கிறான். நம்மூரில் 22க்கே 'அதிகம்' என்று சிவப்புக் கோடு. யார் சொல்வதை நம்புவது?

தூரத்து மேய்ப்பன்

அண்ணா, அது வேறு அளவு. ஓல்சன் முறை என்று பெயர் ஒன்றுதான். அங்கே 7.5 சென்டிமீட்டர் ஆழத்து மண், கணக்கு ஹெக்டேருக்குக் கிலோ கிடையாது, ஒரு லிட்டர் மண்ணுக்கு மில்லிகிராம். நம்மூரில் 15 சென்டிமீட்டர். ஒரு கிலோ மண்ணில் ஒரு மில்லிகிராம் இருந்தால் ஹெக்டேருக்குச் சுமார் 2.24 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் 30ஐ அப்படி மாற்றினால் 67 பக்கம் வரும். ஆழம் வேறு என்பதால் அதுவும் சரிக்குச் சரி ஆகாது. நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

வெள்வேல்நிழல்

எங்களுடையது காங்கேயம் பக்கம் கொறங்காடு, வேலி போட்ட மேய்ச்சல் காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவில் இரண்டு வெள்வேல். உரம் என்று ஒரு பைசா செலவழித்ததில்லை.

ஒரு மழைக்கு அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிறேன், சுற்றி நாயுருவியும் களையும் இடுப்பளவு. முப்பதடி தள்ளிப் புல் காய்ந்து மஞ்சளாக இருக்கிறது. மாடு நாள் முழுக்க வெளியே மேய்கிறது, படுத்து அசைபோடுவதும் சாணி போடுவதும் நிழலில். மணிச்சத்து மூத்திரத்தில் போவது மிகக் குறைவு, பெரும்பாலும் சாணியோடுதான் வெளியே வரும் என்று பிறகுதான் தெரிந்தது. காடு முழுக்க இருந்த சத்தை வாயில் அள்ளிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் குவித்திருக்கிறது, அதுவும் எங்கள் கண் முன்னால்.

அப்பாரு காலத்தில் செம்மறிப் பட்டியை ராத்திரிக்கு ராத்திரி நகர்த்திப் போடுவார்கள். பட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே, நான் நிறுத்திவிட்டேன்.

பழைய சம்சாரி

துத்தநாக சல்பேட் போடச் சொன்ன கறவைக்காரரே, கோழித்தீவனத்திலேயே துத்தநாகம் சேர்க்கிறார்கள், எருவிலும் அது வருகிறது. அப்புறம் எப்படிப் பற்றாக்குறை? மணிச்சத்து மலைபோல் ஏறியதால் பயிர் துத்தநாகத்தை எடுத்துச் சேர்க்க முடியாமல் திணறுகிறது. முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் போடுவதால் அந்த எரு மண்ணின் காரத்தன்மையையும் ஏற்றிவிடும், அதிலும் துத்தநாகம் கட்டிப்போகும். தூவியதும் சரியானது உண்மைதான். காரணம் அப்படியே கிடக்கிறது.

பேங்க் பணம் என்ற கதையும் பாதிதான் சரி. என் தோட்டத்தில் ஐப்பசி மழைக்கு இரண்டு நாள் முன்னால் எரு இறைத்தேன். மழை வந்து மேல்மண்ணோடு வாரிக்கொண்டு குட்டையில் விட்டது. அடுத்த மாதம் குட்டை பாசி பிடித்துப் பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி இருந்தது, மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. என் கதை இவ்வளவுதான்.

இப்போது பரமத்திக்காரருக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே டிஏபியை நிறுத்துங்கள், ஒரு மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கி ஏற்கெனவே வழிகிற பானையில் ஊற்றுகிறீர்கள். எருவைத் தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கில் போட்டதுதான் மூலக்கோளாறு. ஒரு டன் பச்சைப்புல் அறுத்தால் மண்ணிலிருந்து சுமார் அரைக் கிலோ பாஸ்பரஸ் வெளியே போகும் (மூட்டையில் பாஸ்பரஸ் பென்டாக்சைடாக எழுதுவார்கள், அந்தக் கணக்குக்கு அதை 2.29ஆல் பெருக்க வேண்டும், இங்கே பாதிப் பேர் ஏமாறுவார்கள்). ஏக்கருக்கு வருடம் நூறு டன் அறுத்தால் 50 கிலோ. காய்ந்த கோழி எரு ஐந்து டன் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் புல்லுக்கு வேண்டிய தழைச்சத்து முழுவதையும் எருவிலேயே கொடுக்க நினைத்தால் பத்து டன் கொட்ட வேண்டும், மணிச்சத்து இரண்டு பங்காகிவிடும். நீங்கள் அதையும் தாண்டியிருக்கிறீர்கள். அதனால் இனி எரு வேண்டாம், அறுப்புக்கு அறுப்பு யூரியா மட்டும் கொடுங்கள். சாம்பல் சத்தையும் (பொட்டாஷ்) பார்த்துக்கொள்ளுங்கள், கோ-4 அதை வாரிக்கொண்டு போகும். அறுத்த புல்லை உங்கள் மாட்டுக்கே போட்டு, சாணியை மறுபடி அதே காட்டில் கொட்டினால் ஒன்றும் குறையாது. சாணி வேறு காட்டுக்குப் போகட்டும், இல்லை புல்லை விற்றுவிடுங்கள். அப்படியும் இறங்க வருடக்கணக்கில் ஆகும். உழாத புல்காட்டில் மணிச்சத்து மேலாக இரண்டு மூன்று அங்குலத்திலேயே தங்கும், அதனால் மண் எடுக்கும்போது மேலே கிடக்கிற எருவை வழித்துத் தள்ளிவிட்டு 'வி' வடிவக் குழி போட்டு எடுங்கள். அந்தப் பொண்ணு கேட்டது நியாயமான கேள்வி.

கறவைக்காரன்

ஐயா, அவர் அனுபவத்தைச் சொல்லத்தான் வந்தார். நீங்கள் பாடமே எடுத்துவிட்டீர்கள்.

பழைய சம்சாரி

பாடம் இல்லை, என் குட்டையைப் பார்த்த வயிற்றெரிச்சல்.

பரமத்தி மேட்டுக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. 'வி' குழி போட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன், 104. எருக்குழியில் எடுத்ததல்ல என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். நியூசிலாந்துக்காரர் மேட்டுக் கட்டத்தைச் சொன்னதும் எங்கள் கீழ்க்காடு ஞாபகம் வந்தது, அங்கேயும் மண் எடுத்தேன். 9. டிராக்டர் போகப் பாதை இல்லாததால் இதுவரை ஒரு கூடை எரு போனதில்லை.

நேற்றுக் காலை வாசலில் டிப்பர் நிற்கிறது. அப்பா எப்போதோ முன்பணம் கொடுத்திருக்கிறார். திருப்பி அனுப்பலாம் என்றேன். இரண்டு தாளையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். "வாய்க்காமேட்டு வழியா டிப்பர் எறங்குமா?" என்று டிரைவரிடம் கேட்டார். இறங்கவில்லை. பாதி வழியில் கொட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் வரை நானும் அப்பாவும் கூடையில் சுமந்தோம், இன்னும் முக்கால்வாசி கிடக்கிறது.