கஞ்சிக்கோடு பக்கம் கல்லூரிக்கு எஸ்.இ.எம்: ரயில் பாதை 300 மீட்டரில், எதை வாங்கலாம்?

வாளையார்_லேப்:
வணக்கம். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கல்லூரியில் மூன்று துறைகள் சேர்ந்து எஸ்.இ.எம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வாங்கத் திட்ட அறிக்கை எழுதுகிறோம். உத்தேசத் தொகை இரண்டு கோடி. வேதியியலில் நெல் உமிச் சாம்பல் சிலிக்கா, தாவரவியலில் மகரந்தமும் தேங்காயில் வரும் ஈரியோபைட் சிலந்தியும் (மைட்). எம்.எஸ்சி மாணவர்கள் தாங்களே இயக்கிப் பழகவும் வேண்டும். கொடேஷன் தந்தவர், சாதாரண டங்ஸ்டன் இழைக்குப் பதில் கூர்முனையிலிருந்து எலக்ட்ரான் உமிழும் விலை கூடிய எஃப்.இ.ஜி வகையை எடுங்கள் என்கிறார். ஒதுக்கியிருக்கும் அறை முதல் மாடியில், லிஃப்டுக்கு அடுத்தது. என்னென்ன பார்க்கணும்?

காலம்_கன்:
மாடலை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் அந்த அறையை மாற்றுங்கள். லிஃப்ட் மோட்டாரும் நகரும் இரும்பும் காந்தப்புலத்தைக் கலைக்கும். முதல் மாடித் தளம் அதிரும். தரைத்தளத்தில், மெயின் பேனலுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் எதிர்க்கோடியில் அறை கேளுங்கள்.

ரயில் பாதை 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மேல்கம்பியில் போகும் மின்னோட்டம் முழுதும் தண்டவாளம் வழியே திரும்புவதில்லை, கொஞ்சம் மண்ணில் இறங்கிவிடும். அதனால் புலம் எதிர்பார்ப்பதைவிடத் தொலைவு வரை பரவும். டங்ஸ்டன் கருவிகள் பலவற்றுக்கு 0.3 மைக்ரோடெஸ்லா வாக்கில்தான் வரம்பு. விற்பவர் மத்தியானம் பத்து நிமிஷம் மீட்டர் வைத்துவிட்டு ‘ஓகே’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று அச்சிலும், ஒரு முழு நாள், சரக்கு ரயில் ஏற்றத்தில் இழுக்கும் நேரமும் சேர்த்துப் பதிவு வேண்டும்.

புலம் இருந்தால் படத்தில் நேர்விளிம்பு ரம்பப்பல் மாதிரி நெளியும். எலக்ட்ரானை முடுக்கும் வோல்டேஜ் 20 கிலோவோல்ட்டில் இருப்பதைவிட 5-ல் நெளிவு இரண்டு மடங்கு தெரியும், ஏனென்றால் விலகல் அந்த வோல்டேஜின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். வொர்க்கிங் டிஸ்டன்ஸை (லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் இடைவெளி) குறைத்தால் நெளிவும் குறையும். வோல்டேஜ் மாற்றியும் அப்படியே இருந்தால் அதிர்வைச் சந்தேகியுங்கள். டெமோவில் ‘லைன் சிங்க்’ (ஸ்கேனை 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போக வைப்பது) போட்டுக் காட்டுவார்கள், கவனம். பல் மறையும், ஆனால் உருவம் கோணலாகவே இருக்கும். வரம்பைத் தாண்டினால் மூன்று அச்சுப் புல நீக்கக் காயில்கள் போடலாம், செலவை இப்போதே திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

ஆன்லைன் யு.பி.எஸ் கட்டாயம், ஆனால் அதுவும் பேட்டரியும் அடுத்த அறையில். தனி எர்த் குழி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள். துலா மழையில் (வடகிழக்குப் பருவமழை) இங்கே இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும், சர்ஜ் அரெஸ்டர் இல்லாமல் இணைக்க வேண்டாம். ஏ.சி காற்று கருவியின் நெடுங்குழாய் (காலம்) மேல் நேராக அடிக்கக் கூடாது. இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழை) ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்க டீஹியூமிடிஃபையர் தனியாக வேண்டும்.

ஸ்டப்_கார்பன்டேப்:
மாணவர் பயிற்சி என்றால் டங்ஸ்டன்தான், அதுவும் லோ வேக்குவம் (சேம்பரில் கொஞ்சம் வாயு விட்டுப் பார்ப்பது) வசதியோடு. எஃப்.இ.ஜி 1 நானோமீட்டர் அளவுக்குப் பிரிக்கும், உண்மை. ஆனால் அதன் ஷாட்கி முனை இரவு பகலாக எரியணும், எலக்ட்ரான் உமிழும் கன் பகுதி மிக உயர் வெற்றிடத்தில் அயன் பம்பில் நிற்கணும். கே.எஸ்.இ.பி (கேரள மின்வாரியம்) லைன் போய் யு.பி.எஸ்ஸும் தீர்ந்தால் முனைக்கே ஆபத்து. டங்ஸ்டன் இழை 50 முதல் 100 மணி நேரம்தான், ஆனாலும் எரிந்தால் அரை நாளில் மாற்றி அலைன் செய்துவிடலாம், அதுவே நல்ல பாடம். பிள்ளைகள் வெளிச்சம் போதவில்லை என்று சாச்சுரேஷனை (அதற்கு மேல் சூடேற்றியும் பயனில்லாத அளவு) தாண்டி ஹீட்டிங்கைத் திருகுவார்கள், ஆயுள் பாதியாகிவிடும். இழை சூடாக இருக்கும்போது வென்ட் செய்தாலும் (உள்ளே காற்றை விட்டாலும்) போச்சு.

உமிச் சாம்பலை கார்பன் டேப்பில் தூவியதும் ரப்பர் பல்பால் நன்றாக ஊதிவிடுங்கள். ஒட்டாத தூள் பம்ப் ஓடும்போது பறந்து டிடெக்டரில் போய் உட்காரும். படத்துக்கு மட்டும் என்றால் 5–10 நானோமீட்டர் தங்கப் பூச்சு போதும். ஈ.டி.எஸ் (எக்ஸ்ரே வைத்துத் தனிமங்களை அறிவது) எடுப்பதானால் தங்கம் வேண்டாம். தங்கத்தின் எம் கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பாஸ்பரஸ் 2.01. சாம்பலில் இருக்கிற கொஞ்சம் பாஸ்பரஸ் அதன் அடியில் புதைந்துபோகும். ஆகவே பூச்சுப் போடும் கோட்டர் வாங்கும்போது கார்பன் அட்டாச்மென்டும் சேர்த்துக் கேளுங்கள்.

சிலந்தி கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய புழு மாதிரி, உயர் வெற்றிடத்தில் சுருங்கிவிடும். காயின் காம்புப் பக்கத் தொப்பி இதழ்களுக்கு அடியிலிருந்து எடுத்த உடனே லோ வேக்குவமில், 30–60 பாஸ்கலில், பி.எஸ்.இ (பின்சிதறும் எலக்ட்ரான்) டிடெக்டரில் பாருங்கள், பூச்சே வேண்டாம்.

காந்தத் தூள் கொண்டுவரும் பிற துறைக்காரர்களைக் கதவிலேயே நிறுத்துங்கள். போல் பீஸில் (காந்த லென்ஸின் முனை) ஒட்டினால் சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிடணும்.

டெண்டர்_மேசை:
டெண்டர் இரண்டு கவர் முறை (தொழில்நுட்பம் ஒன்று, விலை ஒன்று). ஸ்பெசிஃபிகேஷனில் ஒரே கம்பெனியின் பிரோஷர் வாசகம் இருந்தால் ஆடிட்டில் மாட்டும். ரெசல்யூஷனை ‘30 கிலோவோல்ட்டில் 3 நானோமீட்டர், உங்கள் அறையில் நிறுவிய பின் தங்கத் துகள் சாம்பிளில் காட்டணும்’ என்று எழுதுங்கள், கடைசித் தவணை அதற்குப் பிறகுதான். சேம்பர் கேமராவும் டச் அலார்மும் கட்டாயப் பட்டியலில் வரணும், ஸ்டேஜை மேலே ஏற்றி டிடெக்டரில் இடிப்பது பயிற்சி லேபில் சகஜம். வாரண்டிக்குப் பிறகான ஐந்து வருஷ சி.எம்.சி (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) விலையையும் இப்போதே வாங்கி எல்-1 (குறைந்த விலைக்காரர்) கணக்கில் சேருங்கள். கருவி வந்தபின் கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை.

டி.எஸ்.ஐ.ஆர் (மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு இருந்தால் சுங்கத் தீர்வையில் சலுகை கிடைக்கும். ஜி.எஸ்.டி-யில் அந்தப் பழைய 5 சதவீதம் 2022 ஜூலையோடு போயிற்று, 18 என்றே கணக்குப் போடுங்கள். பல திட்டங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

வாளையார்_லேப்:
ரொம்ப நன்றி. தென்னை வேர் வாடல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா நுண்ணுயிரியையும் இதில் பார்க்கலாமா என்று தாவரவியல் மேடம் கேட்கிறார்.

ஸ்டப்_கார்பன்டேப்:
முடியாது. அது மரத்தின் உணவு கடத்தும் சல்லடைக் குழாய்க்குள் இருப்பது. 60–90 நானோமீட்டர் சீவல் வெட்டி, எலக்ட்ரான் ஊடுருவிப் போகும் டி.இ.எம் நுண்ணோக்கியில்தான் பார்க்கணும். அதற்குச் சீவல் வெட்டும் அல்ட்ராமைக்ரோடோம், சாயமேற்ற ஆஸ்மியம், யுரேனில் அசிடேட் என்று வேறு உலகம். வருஷத்துக்குப் பத்திருபது சாம்பிளுக்காகச் சொந்தமாக வாங்குவது வீண். திசுவைச் சிறு துண்டாக 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் உடனே போட்டு, 4 டிகிரியில் வைத்து, ஐ-ஸ்டெம் (ஆய்வுக் கருவிகளைப் பகிரும் தேசிய இணையதளம்) தளத்தில் டி.இ.எம் வசதி உள்ள இடமாகத் தேடி முன்பதிவு செய்து அனுப்புங்கள். சீவலும் அங்கேயே வெட்டித் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.