சிரட்டைக்கரியில் மெதிலீன் நீலம் முழுதாக நீங்கவில்லை

உப்புவெளி மாணவி:
வணக்கம். சாயநீரைத் தெளிவாக்கும் கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து ஆக்குவதே எனது செயற்றிட்டம். நிலாவெளியில் உறவினர் வீட்டில் சேர்த்த சிரட்டைகளைத் தும்பு நீக்கி உடைத்து, மூடியில் சிறு துளையிட்ட பால்மாப் பேணியில் அடைத்து, புகை அடங்கும்வரை விறகடுப்பில் சுட்டேன். லீற்றருக்கு 20 மில்லிகிராம் மெதிலீன் நீலம் என்ற சாயமுள்ள கரைசலில் 100 மில்லிலீற்றர் எடுத்து, அரைத்த கரி 0.1 கிராம் இட்டு, ஒரு மணி நேரம் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடித்தேன். நீர் வெளிறியதே தவிர நீலம் போகவில்லை. துணியிலும் நீலக்கறை படிந்துவிட்டது. இன்னும் நீண்ட நேரம் சுட வேண்டுமா?

கரிமூட்டம்:
வேண்டாம். நீங்கள் செய்தது கரியாக்கல் மட்டுமே. அதன்பின், சாயத்தைப் பிடிக்கும் கரியின் நுண்ணிய துளைகளைத் திறக்கும் ஏவுதல் என்றொரு படி உண்டு. சிரட்டை கரியும்போது எழும் தார் துளைகளின் வாயிலேயே படிந்து அவற்றை அடைத்துவிடுகிறது. தொழிற்சாலைகளில் 800 பாகை செல்சியஸுக்கு மேல் நீராவியைச் செலுத்தி அந்தப் படிவையும் காபனில் ஒரு பகுதியையும் அரித்தெடுத்துத் துளைகளைத் திறக்கிறார்கள். ஆயினும் சிரட்டையில் அவ்வாறு கிடைப்பவை பெரும்பாலும் 2 நனோமீற்றருக்கும் குறைந்த நுண்டுளைகள். ஏறத்தாழ ஒன்றரை நனோமீற்றர் நீளமான மெதிலீன் நீல மூலக்கூறு அவற்றுள் மிகக் குறுகியவற்றில் நுழைய இயலாது. ஆகவே சாயத்துக்கு நான் பொசுபோரிக் அமிலத்தையே விரும்புவேன். சுடாத சிரட்டைத் தூளை அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, 110 பாகையில் உலர்த்தி, மூடிய புடக்குகையில் (வெப்பந்தாங்கும் கிண்ணத்தில்) ஏறத்தாழ 450 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் அகன்ற துளைகளும் உருவாகும். பின்னர் கழுவுநீர் நடுநிலையாகும்வரை வெந்நீரால் கழுவுங்கள்; பலர் பொறுமை இழப்பது இவ்விடத்தில்தான். இதைப் பால்மாப் பேணியில் செய்ய வேண்டாம், அமிலம் தகரத்தை அரித்துவிடும். ஆய்வுகூட மின்னுலையும் புகைப்போக்கியும் கட்டாயம் தேவை.

கொட்டியாரக்குடா:
துணியில் படிந்த கறையை எவரும் கவனிக்கவில்லையே! மெதிலீன் நீலம் நேரேற்றமுள்ள சாயம். பருத்தி இழையின் மேற்பரப்பு நீரில் எதிரேற்றம் கொள்வதால் சாயம் அதில் எளிதாக ஒட்டும். வடிதாளும் அப்படியே. கரி இடாத கரைசலை அதே துணியில் வடித்துப் பாருங்கள். இனிமேல் வேகமாகச் சுழற்றும் மையநீக்கியில் கரியைப் படியவைத்து, மேலுள்ள தெளிநீரின் ஒளியுறிஞ்சலை 665 நனோமீற்றர் அலைநீளத்தில் அளப்பதே முறை.

உப்புவெளி மாணவி:
இருவருக்கும் நன்றி. கரி இடாத கரைசலும் துணியில் வடித்தபின் வெளிறியே வந்தது. என் பழைய அளவீடுகளை நீக்கிவிட்டேன். ஓர் ஐயம்: எங்களிடமுள்ள அமிலம் 85 சதவீதம். சிரட்டைக்கு நிகரான நிறையில் எடுப்பதாயின் போத்தலிலுள்ளதை அப்படியே நிறுக்கலாமா?

கரிமூட்டம்:
தூய அமிலத்தின் நிறையைக் கொண்டே கணக்கிடுங்கள். 10 கிராம் சிரட்டைத் தூளுக்குப் போத்தலிலிருந்து ஏறத்தாழ 11.8 கிராம் எடுத்து, தூள் முழுவதும் நனையுமளவு நீரில் ஐதாக்கிக்கொள்ளுங்கள்.