மறு: ‘பிடியாணையற்ற அடையாளங்காணல்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கனேடிய உச்ச நீதிமன்றத்தின் ஸ்பென்சர் தீர்ப்பைத் தமிழில் விளக்கும்போது, நீதித்துறையிடம் ஆணை எதுவும் பெறாமல் காவல்துறையினர் ஒருவரை இன்னார் என்று கண்டுகொள்வதற்குப் ‘பிடியாணையற்ற அடையாளங்காணல்’ என்னும் தொடரைப் பயன்படுத்தலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அதன் இரண்டு பாதிகளுமே இந்த வழக்குக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பிடியாணை என்பது ஆளைப் பிடிப்பதற்கான ஆணை. ‘பிணையில் விட முடியாத பிடியாணை’ என்று இந்தியாவிலும், ‘திறந்த பிடியாணை’ என்று இலங்கையிலும் செய்தித்தாள்கள் எழுதி எழுதி அந்தப் பொருள் நம் மக்கள் மனத்தில் இறுகிவிட்டது. நான் ரொறன்ரோவில் உரைபெயர்ப்பாளராகப் பணி தொடங்கிய காலத்தில், தொலைபேசிப் பதிவுகளைப் பெறுவதற்கான ஓர் ஆணையைப் பழக்கத்தால் பிடியாணை என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த தாய், “அப்ப என்ர பெடியனைக் கொண்டு போகப் போறாங்களோ?” என்று அழத் தொடங்கிவிட்டார். பிழை என்னுடையது, அதைத் திருத்திச் சொல்வதற்குள் எனக்கே குரல் நடுங்கிவிட்டது.

ஸ்பென்சர் வழக்கில் அந்தக் கட்டத்தில் யாரையும் பிடிக்கும் பேச்சே இல்லை. சஸ்கட்டூன் காவல்துறையினரிடம் இருந்தது ஓர் ஐபி முகவரி (இணைய இணைப்பு ஒன்றைக் குறிக்கும் எண்) மட்டுமே. அதன் வழியாகச் சிறுவர் பாலியல் படங்கள் பகிரப்படுவதை அவர்கள் கண்டிருந்தார்கள். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, அந்த முகவரிக்குரிய வாடிக்கையாளரின் விவரத்தைக் கேட்டார்கள், நிறுவனமும் கொடுத்துவிட்டது. அந்த விவரத்தை வைத்துத்தான் பின்னர் வீட்டைச் சோதனையிட ஆணை பெற்றார்கள். 2014 ஜூன் 13 அன்று உச்ச நீதிமன்றம், கடிதம் மூலம் கேட்டதே கனேடிய உரிமைகள் சாசனத்தின் 8ஆம் பிரிவு சொல்லும் ‘சோதனை’தான் என்றும், சட்ட அதிகாரம் இல்லாமல் செய்யப்பட்டதால் அது சாசனத்துக்கு முரணானது என்றும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. (ஆனாலும் கிடைத்த சான்றை விலக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், குற்றஞ்சாட்டப்பட்டவர் அதனாலேயே தப்பிவிட்டார் என்று வாசகர் எண்ணிவிடக்கூடும்.)

ஆகவே நமக்கு வேண்டியது பிடித்தலைச் சொல்லும் சொல் அல்ல, முன்கூட்டியே பெறும் அனுமதியைச் சொல்லும் சொல். 1984இல் வந்த ஹன்டர் – சவுதம் தீர்ப்பிலிருந்து இந்நாட்டுச் சட்டம் வலியுறுத்துவதும் அதையே: நடுநிலையான ஒருவர் முன்னதாக அனுமதிக்காத சோதனை நியாயமற்றது என்றே முதலில் கொள்ளப்படும். ‘நீதிமன்ற முன்னனுமதி’ என்று எழுத நினைத்தேன். ஆனால் இங்கே இத்தகைய ஆணைகளை வழங்குவோரில் சமாதான நீதவான்களும் உண்டு. ஊரில் சான்றிதழ்ப் பிரதிகளில் கையொப்பம் வாங்கப் போகும் ஜேபியை நினைத்துக்கொண்டு நம்மவர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. எனவே ‘நீதித்துறை முன்னனுமதி’ என்பதே சரி; முதன்முறை முழுவதுமாக எழுதிவிட்டு, பிறகு ‘முன்னனுமதி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். வீட்டைச் சோதனையிடும் ஆணை, ஆவணத்தைத் தரச்சொல்லும் ஆணை இரண்டும் இதற்குள் அடங்கும்.

இனி ‘அடையாளங்காணல்’. அடையாள அணிவகுப்பில் சாட்சி செய்வதுதான் அது: முன்பு கண்ட முகத்தை மறுபடி கண்டு, இவர்தான் என்று காட்டுவது. ஸ்பென்சரில் யாரும் யாரையும் காணவில்லை. ஓர் எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அறிந்துகொண்டார்கள். இதற்கு ‘ஆளறிதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘ஆள்’ பேச்சுச் சொல், சட்டத்துக்கு ஆகாது என்று சிலர் சொல்லக்கூடும். ஆட்கொணர்வு மனுவும் ஆள்மாறாட்டமும் பல காலமாக நீதிமன்றத்துக்குள் இருக்கின்றன. ‘ஆள் அறிவது’ என்று எழுவாயாகக் கொள்ள இடமுண்டே என்றால், குறளில் அடுத்தடுத்து வரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். காலம் எதையும் அறியவில்லை, காலத்தை நாம் அறிகிறோம்.

‘பெயரறிதல்’ இன்னும் எளிதுதான். ஆனால் இந்த வழக்கில் அந்த இணைப்பு ஸ்பென்சருடைய சகோதரியின் பெயரில் இருந்தது. காவல்துறை பெற்ற பெயர் குற்றம் சாட்டப்பட்டவருடையதே அல்ல. தீர்ப்பை எழுதிய நீதியரசர் குரோம்வெல் தகவல்சார் அந்தரங்கத்தை மூன்றாகப் பிரித்து, மறைவு, கட்டுப்பாடு இவற்றோடு மூன்றாவதாக வைத்த ‘anonymity’யும் பெயரை ஒளிப்பதைப் பற்றியது அன்று. பெயர் நிறுவனத்துக்குத் தெரியும்; இணையத்தில் நடந்ததும் வெளியே தெரியும்; இரண்டையும் முடிச்சுப் போடாமல் விட்டிருப்பதுதான் காக்கப்படுகிறது. ‘பெயரிலி’, ‘அநாமதேயம்’ என்ற சொற்கள் அதைத் தொடுவதில்லை. ‘ஆளறியா நிலை’ தொடுகிறது; ஆளறிதலுக்கு நேர் எதிராகவும் நிற்கிறது.

2024 மார்ச் 1 அன்று வந்த பைகோவெட்ஸ் தீர்ப்புக்கு இன்னொரு சொல் வேண்டும். கல்கரி காவல்துறை, கட்டணங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்திடம் ஐபி முகவரிகளை முன்னனுமதியின்றிப் பெற்றது. வாடிக்கையாளரின் பெயரை முன்னனுமதியோடுதான் பெற்றது. பெயரை எட்டும் முன்பே, அந்த எண்ணுக்கே அந்தரங்கப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் சொன்னது. அத்தகைய எண்ணை ‘ஆளறி தடயம்’ எனலாம்.

தெருவில் மறித்துப் பெயர் கேட்பதை இதனோடு சேர்க்க வேண்டாம். அதற்கு 2017 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் தனி ஒழுங்குவிதி வந்தது. அது பொருந்தும் இடங்களில், விவரம் தரக் கட்டாயமில்லை என்பதைப் பொதுவாகக் காவலரே எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கே எதிரே நிற்பவர் மறுக்க முடியும். ஆளறிதலில் அவருக்கு நடப்பதே தெரியாது. அதை ‘ஆள்விவரம் கேட்டல்’ என்று விட்டுவிடலாம்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து

—

அன்புள்ள அம்மா, வணக்கம்.

‘ஆளறிதல்’, ‘ஆளறியா நிலை’ இரண்டையும் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். ‘ஆளறி தடயம்’ எனக்கு இன்னும் படியவில்லை. தடயம் என்றதும் குற்றம் நடந்த இடம் நினைவுக்கு வருகிறது. ‘ஆளறி குறி’ என்றால் என்ன?

பிடியாணையை முற்றாக ஒதுக்கவும் தயங்குகிறேன். இங்கே இந்தியாவில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றம் ஒன்றை ஒருவர் காவல் அதிகாரியின் முன்னிலையிலேயே செய்துவிட்டு, கேட்டபோது பெயரும் இருப்பிடமும் சொல்ல மறுத்தால், அவற்றை அறிவதற்காகவே அவரைக் கைது செய்யலாம். 24 மணி நேரத்துக்குள் அறிய முடியாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் அனுப்ப வேண்டும். இந்த இடத்தில் பிடியாணை உண்மையிலேயே பிடிக்கும் ஆணைதான், அறியப்படுவதும் பெயரேதான். ஆகவே இந்தியச் சட்டத்தைப் பேசும் பத்தியில் ‘பிடியாணையின்றிப் பெயரறிதல்’ என்றும், கனேடியத் தீர்ப்புகளைப் பேசும் இடத்தில் ‘முன்னனுமதியற்ற ஆளறிதல்’ என்றும் இரண்டாகவே எழுதுகிறேன். திருத்திய படியை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். ‘குறி’யா ‘தடயமா’ என்பதை அதற்குள் சொல்லுங்கள்.